ரன்னிங் பேக்: பின்கள ஓட்டக்காரர்

அமெரிக்கக் கால்பந்தில், தாக்கும் அணியின் முன்வரிசைக்குப் பின்னால் நின்று, தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தை வாங்கி எதிரணியின் தடுப்பை ஊடுருவி ஓடுபவரே ரன்னிங் பேக். ‘பேக்’ என்பது இங்கு முன்வரிசைக்குப் பின்னுள்ள இடத்தைக் குறிக்கும். ரக்பி வழியாக 19ஆம் நூற்றாண்டில் வந்த இவ்வழக்கில், ஒருவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதைக் கால், அரை, முழு என அளந்தே குவார்ட்டர்பேக், ஹாஃப்பேக், ஃபுல்பேக் என்ற பெயர்கள் அமைந்தன. பின்னிரண்டுக்கும் உரிய பொதுப்பெயராக ரன்னிங் பேக் பிற்பாடு நிலைத்தது.

இதைப் ‘பின்காப்பாளர்’ என்று தமிழாக்கினால் பொருள் தலைகீழாகிவிடும். நமக்குப் பழகிய கால்பந்தில் ‘பேக்’ கோலைக் காப்பவர், இவரோ தாக்குபவர். ‘பின்கள ஓட்டக்காரர்’ என்பதே பொருந்தும். ஆனால் மூலச்சொல்லைப் போலவே இதுவும் அவர் வேலையில் ஒரு பாதியைத்தான் சொல்கிறது. குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வரும் எதிரியை மார்போடு மோதி நிறுத்துவதும், முன்வரிசை தடுமாறும்போது பக்கவாட்டில் நழுவி வந்து குறும்பாஸைப் பிடிப்பதும் அவர் பொறுப்பே. ஒரு பருவம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரையிலான இடைவேளையில் ஆள் தேடும் அணிகள், ஓடிய கெஜங்களோடு இவற்றையும் எடைபோடுகின்றன.

கெஜக் கணக்கை மட்டும் நம்ப முடியாது என்பதற்குச் என்எஃப்எல் என்னும் அமெரிக்கத் தொழில்முறை லீகில் ஆடும் ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லியே சான்று. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் 2023இல் 962 கெஜம் ஓடியவர், 2024 மார்ச்சில் மூன்றாண்டுக்கு 3.775 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு மாறி, அந்தப் பருவத்திலேயே 2,005 கெஜம் ஓடினார். கால்கள் அவருடையவைதாம், ஆனால் வழி திறந்துவிட்ட முன்வரிசை வேறு. அதே இடைவேளையில், முப்பது வயதைத் தொட்ட டெரிக் ஹென்றியைப் பால்டிமோர் ரேவன்ஸ் அணி சேர்த்துக்கொண்டது. இந்த இடத்தில் ஆடுவோர் அடி வாங்கியே சீக்கிரம் தேய்ந்துபோவார்கள் என்பதால், அந்த வயதில் பெருந்தொகை கொடுக்க அணிகள் தயங்குவது வழக்கம். அவரோ 1,921 கெஜம் ஓடினார்.

அணியின் வீரர் பட்டியலில் கடைசி இடங்களுக்கு அளவுகோலே வேறு. இடைவேளையில் 90 பேர் வரை கொள்ளும் பட்டியல், பருவம் தொடங்கும்போது 53 ஆகக் குறையும் என்பதால், மூன்றாம், நான்காம் ஓட்டக்காரர்கள் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஓடவோ, தம் அணி உதைத்த பந்தைத் துரத்திச் சென்று எதிராளியைச் சாய்க்கவோ தெரிந்தவர்களாக இருந்தால்தான் தப்புகிறார்கள்.