காய்ச்சல் வந்த நாலாம் நாள் ஆன்டிபாடி டெஸ்ட் எதற்கு?

சளி, காய்ச்சல், உடம்பு வலி என்று வருகிறவர்களில் சிலர் கையில் லேப் ரிப்போர்ட்டோடுதான் உள்ளே வருகிறார்கள். டாக்டர் யாரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவர்களாகவே போய் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்திருப்பார்கள். வைரஸை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் புரதம்தான் ஆன்டிபாடி; ஐஜிஎம், ஐஜிஜி, ஐஜிஏ எல்லாம் அதன் வகைகள். "ஐஜிஎம் நெகட்டிவ்னு வந்திருக்கு சார், அப்ப வைரஸ் இல்லதானே?" என்பார்கள். காய்ச்சல் தொடங்கி நாலு நாள்தான் ஆகியிருக்கும். ரிப்போர்ட்டில் குறை எதுவும் இருக்காது. எடுத்த நாள்தான் தப்பு.

கோவிட் பரவிய 2020-ல் ஒரு துணிக்கடை ஊழியர் இப்படி வந்தார். மூக்கில் குச்சி விடுவார்கள் என்ற பயத்தில் வைரஸையே நேரடியாகத் தேடும் பிசிஆர் டெஸ்ட் பக்கமே போகவில்லை. ரத்தம் கொடுத்து ஆன்டிபாடி பார்த்து, நெகட்டிவ் என்றதும் நிம்மதியாக வீட்டுக்குப் போய், சர்க்கரை நோயுள்ள அம்மாவோடு ஒரே அறையில் படுத்திருக்கிறார். எனக்குச் சந்தேகம் தட்டி பிசிஆர் எடுக்கச் சொன்னேன். பாசிட்டிவ். அம்மாவுக்கும் தொற்று வந்து, பிழைத்துக்கொண்டார். அந்த நெகட்டிவ் தாளை நம்பி அவர்கள் இழந்திருக்கக் கூடியதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதறுகிறது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

வைரஸ் மூக்கு, தொண்டையின் உள்சவ்விலுள்ள செல்களுக்குள் புகுந்ததும் முதலில் எழுந்து நிற்பது ஆன்டிபாடி அல்ல. தாக்கப்பட்ட செல்கள் இன்டர்ஃபெரான் போன்ற வேதிப்பொருட்களைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்துகின்றன. காய்ச்சலும் உடம்பு வலியும் அசதியும் பெரும்பாலும் இந்த ஆரம்பகட்டப் போராட்டத்தின் விளைவுதான். இதற்கிடையில் சில செல்கள் வைரஸின் துணுக்குகளைப் பக்கத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் செல்கின்றன. குழந்தையின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு "நெறி கட்டியிருக்கு" என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்தக் கட்டிகள்தான் இவை. பயந்துபோய் அவற்றை அழுத்திப் பார்க்க வேண்டாம். உள்ளே வேலை நடக்கிறது.

வேலை என்றால், தேடல். ஆன்டிபாடி தயாரிக்கும் வெள்ளணுக்களுக்கு பி செல்கள் என்று பெயர். உடம்பிலுள்ள கோடிக்கணக்கான பி செல்களில் இந்த வைரஸுக்குப் பொருந்தும் வடிவத்தைச் சுமப்பவை மிகச் சில. அவற்றைக் கண்டுபிடித்து, டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் துணை நின்று, அவை பெருகி, ஆன்டிபாடி சுரக்கும் செல்களாக மாற வேண்டும். ஏறக்குறைய ஒரு வாரத்தில்தான் அப்படிப்பட்ட செல்கள் ரத்தத்தில் கணிசமாகத் தென்படும். ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ் ஆக அதற்கு மேலும் சில நாள் பிடிக்கும். ஐஜிஎம் முதலில், ஐஜிஜி பிறகு என்று மருத்துவக் கல்லூரியில் படித்தோம். கோவிட்டில் பலருக்கு இரண்டும் ஒட்டியே வந்தன. சீனாவில் 285 நோயாளிகளிடம் செய்து 2020-ல் வெளியான ஆய்வில், அறிகுறி தொடங்கிய 19 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஐஜிஜி வந்திருந்தது. இந்த நாள்கணக்கை எந்தச் சத்து மாத்திரையும் கஷாயமும் சுருக்கிவிடாது. தொண்டைக்கு இதமாக இருந்தால் குடியுங்கள், அவ்வளவுதான்.

ஃப்ளூ காய்ச்சல் பொதுவாக நாலைந்து நாளில் இறங்கிவிடுகிறது. அப்படியானால் ஆன்டிபாடி முழுதாக வருவதற்குள்ளேயே குணமாகத் தொடங்கிவிடுகிறோம். முதல்கட்டப் பாதுகாப்பும், தொற்றிய செல்களைத் தேடி அழிக்கும் டி செல்களும்தான் அதற்குக் காரணம். பிறவியிலேயே ஆன்டிபாடி உற்பத்தி இல்லாத சிறுவர்களின் நோயை 1952-ல் அமெரிக்க மருத்துவர் ஆக்டன் புரூட்டன் முதன்முதலாக விவரித்தார். அவர்களை அதிகம் வாட்டுவது பாக்டீரியா நிமோனியா. ஆனால் ஆன்டிபாடி இல்லாமலேயே கோவிட்டிலிருந்து மீண்டவர்களும் அவர்களில் உண்டு.

ஆன்டிபாடியின் பெரிய பலன் பின்னால்தான் தெரியும். நமக்குக் காய்ச்சல் மறந்தே போன பிறகும் நிணநீர்க் கணுக்களில் பி செல்கள் தங்கள் மரபணுவில் சிறுசிறு மாற்றங்கள் செய்துகொண்டு, வைரஸை இன்னும் இறுகப் பற்றுபவை மட்டும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இது மாதக்கணக்கில் நடக்கும். ஆறு மாதம் கழித்து ரத்தத்தில் ஆன்டிபாடியின் அளவு குறைந்திருக்கலாம், தரம் கூடியிருக்கும். ரத்தத்திலுள்ள ஐஜிஜி ஏறத்தாழ மூன்று வாரத்தில் பாதியாகிவிடும் இயல்புடையது என்பதால், தொடக்க வேகம் அடங்கியதும் எண் இறங்கத்தான் செய்யும். ஆனால் எலும்பு மஜ்ஜையில் குடியேறிய சில செல்கள் சிறிய அளவில் சுரந்துகொண்டே இருக்கும். நினைவு செல்கள் தனியாகக் காத்திருக்கும். 1918 ஃப்ளூ பெருந்தொற்றைக் கண்டு 91 வயதோ அதற்கு மேலோ வாழ்ந்த 32 பேரின் ரத்தத்தை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 90 ஆண்டுகள் கழித்தும் அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி அவர்களிடம் இருந்தது.

"அப்புறம் ஏன் சார் வருஷா வருஷம் சளி பிடிக்குது?" நியாயமான கேள்வி. ஃப்ளூ வைரஸ் தன் மேற்பரப்பை மாற்றிக்கொண்டே இருக்கிறது. ரத்தத்தில் ஐஜிஜி இருந்தாலும், மூக்கின் சவ்வில் காவல் நிற்பது பெரும்பாலும் ஐஜிஏ. அது சீக்கிரம் குறைந்துவிடும். சாதாரண ஜலதோஷம் தரும் ஒரு கொரோனா வைரஸைத் தன்னார்வலர்களின் மூக்கில் செலுத்தி இங்கிலாந்தில் ஆராய்ந்த முடிவுகள் 1990-ல் வெளிவந்தன. ஏற்கெனவே தொற்றியவர்களுக்கு ஒரு வருடம் கழித்து அதே வைரஸை மறுபடி கொடுத்தபோது பெரும்பாலோருக்குத் தொற்றியது. ஆனால் ஒருவருக்கும் ஜலதோஷம் வரவில்லை. தொற்றுவது வேறு, நோயாகப் படுப்பது வேறு.

"எனக்கு 250-க்கு மேல, அவருக்கு 40தான்" என்று கணவன் மனைவி ஆன்டிபாடி ரிப்போர்ட்டின் எண்களை ஒப்பிட்டுக் கவலைப்படுவதையும் பார்த்திருக்கிறேன். ஒரு கருவியின் யூனிட் இன்னொன்றுக்குப் பொருந்தாது. சில டெஸ்ட்கள் கொரோனா வைரஸின் மேற்பரப்பிலுள்ள ஸ்பைக் புரதத்துக்கான ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும், சில உள்ளிருக்கும் நியூக்ளியோகாப்சிட் புரதத்துக்கானதை. கோவிஷீல்டு போட்டவருக்கு ஊசியால் முதலாவது மட்டுமே வரும். கோவேக்சின் முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்தது என்பதால் இரண்டும் வரலாம். இந்த எண்ணைக் கொண்டு ஒரு தனி மனிதருக்கு இனி தொற்றாது என்று என்னால் சொல்ல முடியாது. ஊர் முழுவதையும் கணக்கெடுக்க இது அருமையான கருவி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2021 ஜூன், ஜூலையில் நடத்திய நாலாவது தேசிய ஆய்வில் 67.6 சதவீதம் பேரிடம் ஆன்டிபாடி இருந்ததைக் காட்டியது இதே வகை டெஸ்ட்தான்.

சிலர் விஷயத்தில் மட்டும் நான் கூடுதலாக எச்சரிக்கையாக இருப்பேன். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள், மூட்டுவாதத்துக்கோ வேறு நோய்க்கோ ரிடுக்சிமாப் ஊசி போடுகிறவர்கள். அந்த ஊசி பி செல்களையே அகற்றிவிடும். இவர்களுக்குத் தடுப்பூசி போட்டாலும் ஆன்டிபாடி சரியாக வராமல் போகலாம், வைரஸ் வாரக்கணக்கில் உடம்பில் தங்கலாம். காய்ச்சல் வந்த முதல் நாளே டாக்டரிடம் போய், என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால்தான் அதிகம் பலன் தரும். மூச்சு வாங்கினாலோ, ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனாலோ, எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

ஃப்ளூ தடுப்பூசிக்கும் இதே நாள்கணக்குதான். பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஃப்ளூ கூடும் என்பதால் செப்டம்பரிலேயே போட்டுவிடுவது நல்லது. அடைமழையில், வீட்டில் இருவர் படுத்த பிறகு ஓடி வந்தால் அந்த அவகாசம் கிடைக்காது. கர்ப்பிணிகள் தயங்க வேண்டாம். தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். ஆறு மாதம் ஆகும்வரை குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. அதுவரை அம்மாவிடமிருந்து வந்த ஆன்டிபாடிதான் அதற்குத் துணை.