ஓடிபி: ஒருமுறைக் கடவெண்

ஓடிபி என்பது ‘ஒன் டைம் பாஸ்வேர்ட்’ என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம். வங்கிக் கணக்கில் இணையவழி நுழையும்போதோ பணம் அனுப்பும்போதோ, வாடிக்கையாளர் முன்பே பதிவு செய்துள்ள கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வந்து சேர்வதும், பெரும்பாலும் 6 இலக்கங்களைக் கொண்டதும், சில நிமிடங்களில் காலாவதியாவதும், ஒருமுறை பயன்பட்டபின் மறுமுறை செல்லாததுமான எண்ணையே இன்று இச்சொல் பெரும்பாலும் குறிக்கிறது. தமிழில் ‘ஒருமுறை கடவுச்சொல்’ என்பது இதற்குப் பரவலாக வழங்கும் மொழிபெயர்ப்பு. அது பொருத்தமானதுதானா என்று முடிவு செய்வதற்கு முன், இந்த எண் வங்கிக்கு எதை மெய்ப்பிக்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெயர் சுட்டும் பொருளுக்கும் எண் ஆற்றும் பணிக்கும் இடையே கணிசமான தொலைவு இருக்கிறது.

முதலில் கடவுச்சொல். ‘கட’ என்னும் வினையடியிலிருந்து கடத்தல், கடவு, கடவை முதலியவை கிளைக்கின்றன. கடவு என்றால் வழி. கடந்து செல்லும் இடம். இலங்கைத் தமிழில் பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை என்பவை அன்றாட வழக்கு. எல்லையைக் கடக்க உதவும் சீட்டு கடவுச்சீட்டு ஆனதைப் போலவே, காவலைக் கடக்க உதவும் சொல் கடவுச்சொல் ஆயிற்று. ஆங்கிலச் சொல்லின் முற்பகுதியும் ‘காலடி’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து, கடத்தலையே குறிக்கிறது. ஆகவே கடவுச்சொல் என்பது நல்ல ஆக்கம். ‘ரகசியச் சொல்’ என்பதைவிட மேலானது என்பதே என் கருத்து, ஏனெனில் ரகசியம் என்பது அந்தச் சொல்லின் தன்மையை மட்டும் சொல்கிறது, கடவு என்பது அதன் பயனைச் சொல்கிறது. ‘மறைமொழி’ என்று ஆக்குவோரும் உண்டு. ஆனால் அச்சொல் தொல்காப்பியத்திலேயே மந்திரத்துக்கு உரியதாகிவிட்டது.

காவலைக் கடக்கும் சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ், ரோமானியப் படைமுகாமில் அன்றைய இரவுக்கான அடையாளச் சொல் மரப்பலகையில் எழுதப்பட்டுப் பிரிவு பிரிவாகக் கைமாறி, இருட்டுவதற்குள் மீண்டும் மேலதிகாரியிடம் வந்து சேர்ந்த முறையை விரிவாக எழுதியிருக்கிறார். அந்தச் சொல் அந்த இரவுக்கு மட்டும் உரியது. மாதக்கணக்கில் மாறாமல் இருக்கும் கடவுச்சொல் பிற்காலத்து வழக்கம். 1960களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் அமைப்பை உருவாக்கியபோது, ஒவ்வொருவருடைய கோப்புகளையும் பிரித்துக் காக்க நிலையான கடவுச்சொல்லைக் கணினிக்குள் கொண்டுவந்தது. அந்த அமைப்பிலேயே எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை ஒருவர் அச்சிட்டு எடுத்துக்கொண்ட நிகழ்வும் நடந்தது. நிலையான சொல் ஒருமுறை களவுபோனால், அது மாற்றப்படும் வரை களவுபோனதாகவே இருக்கும் என்ற சிக்கல் அப்போதே வெளிப்பட்டுவிட்டது.

இதற்கு விடையாக ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கணித அடிப்படையில் வகுத்தவர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட். 1981ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை, ஒட்டுக்கேட்கப்படும் தடத்திலும் பாதுகாப்பாகத் தன்னை மெய்ப்பித்துக்கொள்வது எப்படி என்பதைப் பற்றியது. முன்னோக்கிக் கணக்கிட எளிதாகவும் பின்னோக்கிக் கணக்கிட இயலாததாகவும் உள்ள ஒரு கணிதச் சார்பை எடுத்துக்கொண்டு, ஒரு ரகசிய எண்ணை அதற்குள் ஆயிரம் தடவை செலுத்தி, ஆயிரமாவது விடையை மட்டும் கணினியிடம் கொடுத்துவைக்க வேண்டும். முதல் நாள் நுழைபவர் 999ஆவது விடையைத் தருவார். கணினி அதை ஒரு தடவை செலுத்திப் பார்த்து, தன்னிடம் உள்ளதுடன் பொருந்துகிறதா என்று சரிபார்க்கும். மறுநாள் 998ஆவது விடை. இடையில் ஒட்டுக்கேட்டவரால் 999ஐக் கொண்டு 998ஐக் கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கருத்தைக் கொண்டு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான பெல்கோர் உருவாக்கிய ‘எஸ்/கீ’ என்ற முறை, ‘ஆர்எஃப்சி’ எனப்படும் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 1995இல் ‘ஆர்எஃப்சி 1760’ ஆக வெளியாயிற்று. அதில் ஒவ்வொரு விடையும் பயனர் தட்டச்சிட எளிதாக 6 சிறு ஆங்கிலச் சொற்களாக மாற்றிக் காட்டப்பட்டது. எனவே ‘ஒன் டைம் பாஸ்வேர்ட்’ என்ற பெயர் நிலைபெற்ற காலத்தில் அதில் உண்மையாகவே சொற்கள் இருந்தன. இன்று எண் மட்டும் மிஞ்சியிருக்க, பெயரில் ‘சொல்’ தங்கிவிட்டது.

வங்கித்துறையில் இதற்கு இணையான மரபு ஒன்று ஜெர்மனியில் தனியாக வளர்ந்தது. இணையம் வீடுகளுக்கு வருமுன்பே அங்குள்ள வங்கிகள், வரிசையாக எண்கள் அச்சிட்ட தாளை வாடிக்கையாளருக்கு அஞ்சலில் அனுப்பின. ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் ஓர் எண்ணை இட்டு, தாளில் அதை அடித்து நீக்கிவிட வேண்டும். இந்த எண்ணை அவர்கள் ‘டான்’ என்று அழைத்தார்கள்; அது ‘பரிவர்த்தனை எண்’ என்று பொருள்படும் ஜெர்மன் தொடரின் சுருக்கம். எந்த எண்ணைக் கேட்பது என்பதை வங்கியே தீர்மானிக்கும் முறை பின்னர் வந்தது; அதன்பின் தாளின் இடத்தைக் கைபேசிக் குறுஞ்செய்தி பிடித்துக்கொண்டது. இந்த இரு மரபுகளின் பெயர்களையும் ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகும். ஆங்கிலப் பெயர் எண்ணின் ஆயுளைச் சொல்கிறது. ஜெர்மன் பெயர் எண் எதற்கு என்பதைச் சொல்கிறது. தமிழ் ஆங்கிலத்தைப் பின்பற்றிவிட்டது.

இனி, வங்கிகள் கைபேசியை ஏன் கட்டாயமாகக் கேட்கின்றன என்பது. ஒருவர் தம்மை மெய்ப்பிக்க மூன்று வழிகள் உண்டு என்பது பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பாகுபாடு: அவர் மட்டும் அறிந்த ஒன்று, அவர் கையில் மட்டும் உள்ள ஒன்று, விரல்ரேகை போல அவர் உடலோடு ஒட்டிய ஒன்று. இவற்றில் இரண்டையாவது கேட்பதுதான் இருகாரணிச் சரிபார்ப்பு. கடவுச்சொல் முதல் வகை. ஓடிபி, பெயரில் கடவுச்சொல் என்று இருந்தாலும், இரண்டாம் வகையைச் சேர்ந்தது. வாடிக்கையாளருக்கு அந்த எண் ஒரு நொடி முன்புவரை தெரியாது, தெரிந்திருக்கவும் கூடாது. பதிவு செய்த கைபேசி அவரிடம் இருக்கிறது என்பதற்கு அது சான்று, அவ்வளவே. இதற்கென்றே தனிக் கருவிகளைச் செய்து ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வழங்கிய வங்கிகள் உண்டு. ஆனால் கருவிக்கு விலை உண்டு, மின்கலம் தீரும், தொலைந்தால் மாற்றித் தர வேண்டும். வாடிக்கையாளர் தம் செலவிலேயே வாங்கி, தாமே மின்னேற்றி, எப்போதும் உடன் வைத்திருக்கும் கருவி ஒன்று ஏற்கெனவே இருக்கும்போது வங்கிகள் அதைப் பயன்படுத்திக்கொண்டதில் வியப்பில்லை. பாதுகாப்பின் பெயரால் செய்யப்பட்டாலும், செலவை வாடிக்கையாளர் பக்கம் தள்ளிய ஏற்பாடும்கூட இது.

எல்லா ஓடிபியும் ஒரே வகையில் பிறப்பதில்லை. குறுஞ்செய்தியில் வருவதைப் பெரும்பாலும் வங்கியின் கணினியே உருவாக்குகிறது. கைபேசி அதை வாங்கிக் காட்டுவதோடு சரி. செயலியிலும் தனிக் கருவியிலும் தோன்றும் எண் அங்கேயே கணக்கிடப்படுகிறது. வங்கியும் கருவியும் தொடக்கத்தில் ஒரு ரகசியத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பின்னர் அந்த ரகசியத்தோடு ஓர் எண்ணிக்கையைச் சேர்த்துக் கணக்கிடும் முறை 2005இல் ஆர்எஃப்சி 4226 ஆகவும், அந்த நொடியின் நேரத்தைச் சேர்த்துக் கணக்கிடும் முறை 2011இல் ஆர்எஃப்சி 6238 ஆகவும் வரையறுக்கப்பட்டன. இரண்டாவது முறையில் வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை எண் மாறும். கைபேசியில் சிக்னலே இல்லாவிட்டாலும் அது மாறிக்கொண்டிருக்கும். 6 இலக்கம் என்றால் 10 லட்சம் வாய்ப்புகள். சில தவறுகளுக்கு மேல் கணக்கு பூட்டப்படும் என்பதால் இந்த அளவே போதுமானதாகிறது.

குறுஞ்செய்தி வழியின் குறை, அது கைபேசியை அன்றி இணைப்பெண்ணையே நம்புகிறது என்பது. தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றி அந்த எண்ணுக்கு வேறு சிம் அட்டை பெற்றவருக்கு ஓடிபியும் போய்ச் சேரும். தொலைபேசி வலைப்பின்னல்கள் தமக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் எஸ்எஸ்7 என்ற பழைய நெறிமுறையின் ஓட்டை வழியாகக் குறுஞ்செய்திகளைத் திசைதிருப்பி, ஜெர்மனியில் வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் எடுக்கப்பட்டது 2017இல் வெளிவந்தது. அதே ஆண்டு அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், தொலைபேசி வலைப்பின்னல் வழியாக வரும் எண்களைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட முறையாக வகைப்படுத்தியது. 2024 ஜூலையில் சிங்கப்பூரின் நாணய ஆணையம், செயலிவழி அடையாளக் கருவியை இயக்கியுள்ள வாடிக்கையாளர்கள் கணக்கில் நுழைவதற்கு ஓடிபியைப் பயன்படுத்துவதை முக்கிய சில்லறை வங்கிகள் மூன்று மாதத்துக்குள் கைவிடும் என்று அறிவித்தது. ஆனால் குறுஞ்செய்தியை விடுத்துச் செயலிக்கு மாறும்போது, கைபேசி போதாது, திறன்பேசி வேண்டும் என்றாகிறது. கைபேசியே வைத்துக்கொள்ளாதவர், எண்ணை மாற்றியவர், வெளிநாட்டில் பழைய சிம் இயங்காதவர், திரையைப் பார்க்க இயலாதவர் ஆகியோருக்கு இந்தக் கட்டாயம் தம் சொந்தப் பணத்துக்கு முன்னால் ஒரு தடுப்பாக நிற்கிறது. தனிக் கருவியோ அட்டைபடிப்பானோ மாற்றாகக் கிடைக்கும் வங்கிகளில் இவர்கள் தப்பினார்கள். கிடைக்காத இடங்களில் கிளைக்கு நேரில் போவதே மிச்சம்.

இந்தப் பின்னணியோடு தமிழ் ஆக்கத்துக்கு வரலாம். ‘ஒருமுறை கடவுச்சொல்’ என்று க் இல்லாமல் எழுதுவது பிழை. அது எழுத்துப்பிழையோடு நிற்காமல் பொருளையே மாற்றுகிறது. ‘ஒருமுறை கடவுச்சொல்லை உள்ளிடவும்’ என்று திரையில் கண்டால், கடவுச்சொல்லை ஒரு தடவை உள்ளிடவும் என்றே இலக்கணப்படி பொருள்படும். அங்கே ஒருமுறை வினைக்கு அடையாகிவிடுகிறது. ஒருமுறைக்கு உரிய கடவுச்சொல் என்னும் பொருள் வேண்டுமென்றால், சட்டைக்கு உரிய துணி ‘சட்டைத் துணி’ ஆவதைப் போல வல்லினம் மிகுந்து ‘ஒருமுறைக் கடவுச்சொல்’ என்றாக வேண்டும். ஓர் ஒற்று இருப்பதும் இல்லாததும் கட்டளையையே மாற்றும் இடம் இது.

அடுத்து, வருவது இலக்கங்களாக இருக்கையில் சொல் என்பதைவிட எண் என்பதே தகும். கடவு என்பதன் ஈற்று உகரம் உயிரெழுத்து வரும்போது கெட்டு, கதவு + அடைப்பு ‘கதவடைப்பு’ ஆவதைப் போல, கடவு + எண் ‘கடவெண்’ ஆகும். ஆகவே கணக்கில் நுழைவதற்குக் கேட்கப்படுவதை ‘ஒருமுறைக் கடவெண்’ என்பது பொருளுக்கும் இலக்கணத்துக்கும் ஒத்தது. ஓடிபிக்குப் பொதுவான தமிழ்ச் சொல்லாக இதையே பரிந்துரைக்கலாம். குறுகிய இடத்தில் ‘கடவெண்’ என்பதே போதும்.

பணம் அனுப்பும்போது கேட்கப்படும் எண்ணுக்கு மட்டும் இதுவும் முழுதாகப் பொருந்தாது. அங்கே வாடிக்கையாளர் எதையும் கடந்து உள்ளே போகவில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் அவர், இன்ன தொகை இன்னாருக்குப் போகட்டும் என்று இசைவு தருகிறார். 2019 செப்டம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிகள், இணையவழிப் பணம் செலுத்தலுக்கான எண் அந்தத் தொகையோடும் அந்தப் பெறுநரோடும் பிணைந்திருக்க வேண்டும் என்றும், இரண்டில் எது மாறினாலும் எண் செல்லாதாக வேண்டும் என்றும் கோருகின்றன. அப்படியானால் அது கையொப்பத்தின் வேலையைச் செய்கிறது. மோசடிக்காரர் தொலைபேசியில் அழைத்து ‘உங்களுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்’ என்று கேட்கும்போது, நிலையான கடவுச்சொல்லை ஒருபோதும் வெளியிடாதவர்கூட, ஒரு தடவைக்கு மேல் செல்லாத எண்தானே என்று சொல்லிவிடுவதற்கு இப்பெயரிலேயே இடம் இருக்கிறது. அவர் உண்மையில் செய்வது தொகை எழுதாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுப்பது. எனவே பணப் பரிமாற்றத்துக்குரியதை ‘ஒப்புதல் எண்’ என்று தனியே பெயரிட்டு வழங்குவது நல்லது. ‘ரூ. 5,000 அனுப்புவதற்கான உங்கள் ஒப்புதல் எண்’ என்று செய்தி வந்தால், பரிசுத்தொகை தருவதாகச் சொல்லி அதைக் கேட்பவரிடம் ஏன் ஒப்புதல் தர வேண்டும் என்று படிப்பவருக்கு ஐயம் எழ வாய்ப்புண்டு.

பேச்சில் ஓடிபி நீடிக்கத்தான் செய்யும். மூன்றே எழுத்துகளில் முடிவதோடு போட்டியிடுவது எளிதன்று, அதை விலக்க வேண்டிய தேவையும் இல்லை. வங்கிப் படிவம், திரைக் கட்டளை, எச்சரிக்கைச் செய்தி, பாடநூல் ஆகியவற்றில் நுழைவுக்கு ஒருமுறைக் கடவெண் என்றும் பணப் பரிமாற்றத்துக்கு ஒப்புதல் எண் என்றும் எழுதி, முதல்முறை வரும் இடத்தில் ஓடிபி என்பதையும் அருகே குறிப்பது படிப்பவருக்குக் குழப்பம் தராது.