சராசரியில் காணாமல் போகும் மழை

அடைமழைக் காலத்தில் இலங்கை மலையகத்தின் தோட்ட லயங்களில் பேச்செல்லாம் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சளா, சிவப்பா என்பதுதான். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் கவனம் (மஞ்சள்), 100 என்றால் தயார்நிலை, 150 என்றால் வெளியேற்றம் (சிவப்பு). தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவுகள் இவை. ஆனால் இன்னும் பெய்யாத மழையை வரைபடத்தில் எப்படிக் காட்டுவது?

ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையம் ஒரே நாளுக்கு 51 கணிப்புகளைத் தயாரிக்கிறது. தொடக்க நிலையைச் சற்றுச் சற்று மாற்றி, மீண்டும் மீண்டும் கணக்குப் போடுகிறது. இப்போது 40 கணிப்புகள் மலையக ஊரான மஸ்கெலியாவுக்கு 20 மில்லிமீற்றர் என்றும், 11 கணிப்புகள் 160 என்றும் சொல்வதாக வைத்துக்கொள்வோம். சராசரி 50. வரைபடம் சாந்தமாக இருக்கும். வேடிக்கை என்னவென்றால், 50 மில்லிமீற்றர் பெய்யும் என்று அந்த 51இல் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

அதனால் சராசரியைத் தூக்கிவிட்டு, வரம்பைத் தாண்டும் கணிப்புகளை எண்ணுகிறார்கள். 150க்கு மேல் 51இல் 11, அதாவது ஏறக்குறைய 22%. அந்த வரம்பை நகர்த்தும் இழுபட்டி ஒன்றை, வரைபடம் பார்ப்பவரின் விரலுக்கே கொடுத்துவிடுவது இன்னும் நல்லது. மூன்று நாள் மழையில் மண் ஏற்கெனவே ஊறியிருந்தால், 150 வரை யார் காத்திருப்பது? பட்டியை 100க்கு இழுத்தால் வரைபடம் உடனே மாறும்.

தரவின் பருமனும் இதே வம்பைத் திரும்பக் கொண்டுவருகிறது. ஒரு சாதாரணக் கணினித் திரையில் சுமார் 20 இலட்சம் புள்ளிகள்தான் உண்டு. தரவு அதைவிடப் பல மடங்கு. ஆகவே வரைபடத்தில் அடுத்தடுத்த நான்கு சதுரக் கட்டங்களை ஒன்றாக்கி, அப்படி நான்கை மறுபடி ஒன்றாக்கி, அடுக்கடுக்காக முன்கூட்டியே செய்து வைக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மேல் அடுக்கு, நெருங்கினால் கீழ் அடுக்கு. இதனால்தான் போனில்கூட வரைபடம் சட்டென்று திறக்கிறது. சரி, 160, 20, 20, 20 ஆகிய நான்கையும் ஒன்றாக்கினால்? 55. ஒரே அடுக்கில் சிவப்பு மறைந்துவிட்டது! சராசரியோடு உச்ச மதிப்பையும் ஒவ்வோர் அடுக்கிலும் சேமிக்காத வரைபடத்தை மலைநாட்டில் நம்பவே கூடாது என்பேன்.

நிச்சயமில்லாத இடத்தை வெளிறிய நிறத்தில் காட்டும் வழக்கமும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெளிறிய சிவப்பைப் பார்ப்பவர் ஆபத்து குறைவு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

என் கணக்கில் மிகப் பயனுள்ளது, இரண்டு இடங்களின் படங்களை இணைத்துத் தெரிவு செய்வது. மஸ்கெலியாவில் 22%, 2014இல் மீரியபெத்தைத் தோட்டம் மண்ணில் புதைந்த கொஸ்லந்தைப் பக்கமும் 22% என்றால், இரண்டும் ஒரே 11 கணிப்புகளா, வேறு வேறா? நிகழ்தகவு வரைபடம் வாயே திறக்காது. மஸ்கெலியாவின் 11ஐ விரலால் தெரிவு செய்தால், அதே 11 கொஸ்லந்தையில் என்ன சொல்கின்றன என்று பக்கத்துப் படத்தில் ஒளிரும். வேறு வேறு என்றால், இரண்டில் ஓரிடத்திலாவது பெருமழை பெய்யும் வாய்ப்பு 51இல் 22, அதாவது 43%. ஆனால் ஒரே நாளில் இரண்டிலும் பெய்வதாக எந்தக் கணிப்பும் சொல்லவில்லை. ஒரே 11 என்றால் வாய்ப்பு 22%தான். ஆனால் பெய்தால் இரண்டு இடத்திலும் சேர்ந்தே பெய்யும். ஓரிடத்து மீட்புக்கென்று வைத்திருக்கும் லொறியை மற்ற இடத்துக்கு அனுப்ப முடியாது.