மலட்டு ஊசிக் கதையின் வயது

தரம் 6 மாணவிகளுக்கு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போடப் போயிருந்தோம். கல்முனைக்குத் தெற்கே, கரையோரத்தில் ஒரு பாடசாலை. சம்மதப் படிவங்களில் பாதிக்கு மேல் கையொப்பம் இல்லாமல் திரும்பியிருந்தன. வாசலில் நின்ற ஓர் உம்மா எங்கள் மிட்வைஃபிடம் மெதுவாகக் கேட்டார்: "மிஸ், இந்த ஊசி போட்டா நாளைக்குப் புள்ளைக்குப் புள்ள தங்காதாமே, உண்மையா?" எங்கே கேள்விப்பட்டீர்கள் என்றால், வட்ஸ்அப்பில் வந்த ஒரு வொய்ஸ். பேசியவர் யாரென்று அவருக்கும் தெரியாது.

அடுத்த கிழமை, பக்கத்துத் தமிழ் ஊர். அங்கேயும் அதே கதை. முதல் ஊரில் முஸ்லிம்களின் தொகையைக் குறைக்க வந்த ஊசி, இங்கே தமிழரின் தொகையைக் குறைக்க வந்த ஊசியாகியிருந்தது. நடுவில் ஒரு வீதிதான். ஆனால் ஓர் ஊரின் குறூப்பில் என்ன ஓடுகிறது என்பது மற்ற ஊருக்குத் தெரியவே தெரியாது.

மருத்துவ விடயம் எளிது. எச்பிவி தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே இருக்கிறது. அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் அதுதான், அதனால்தான் 2017 முதல் இலங்கையில் இந்த ஊசியைக் கொடுக்கிறோம். கருத்தரிப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

என்னை உறங்கவிடாதது வேறு. இந்தக் கதையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தில், சிங்களவர்களின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகச் சொல்லிக் கூட்டம் கூடியது. சிங்களம் சரியாக விளங்காத காசாளரை மடக்கி ஒப்புக்கொள்ள வைத்த காணொளி பேஸ்புக்கில் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவுக் கட்டிதான் என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு அறிக்கை கொடுத்தார். சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்தில் கிடையாது. ஆனால் அதற்குள் கண்டிக்கு அருகே திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்துவிட்டன, மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. 2019 மே மாதம் அதே கதை, சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்று, குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் மேல் ஏறியது. 2021இல் கொரோனா ஊசியோடு எங்கள் கிளினிக்குக்கே வந்தது. கதை ஒன்றுதான், எதிரி மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் நாங்களும் புதிதாகப் பதில் தேடுகிறோம். முந்தைய தடவை எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

ஆராய்ச்சிகள் இல்லாமல் இல்லை. பெரும்பாலானவை ஆங்கிலத்தில், அமெரிக்காவைப் பற்றி. பேஸ்புக்கில் எது பரவுகிறது என்று பார்க்க ஆய்வாளர்கள் நம்பியிருந்த கிரவுட்டாங்கிள் கருவியை, பேஸ்புக்கின் உரிமையாளரான மெட்டா நிறுவனம் 2024 ஓகஸ்டில் மூடிவிட்டது. அது இருந்தபோதும் பொதுப் பக்கங்களைத்தான் காட்டியது, அந்த உம்மாவின் குறூப்புக்குள் அதனால் நுழைய முடியாது. எங்கள் நிலைமைக்குக் கிட்டிய ஆய்வு பீகாரில் நடந்தது. 2019 தேர்தல் வேளையில் வீடு வீடாகப் போய், பொய்ச் செய்தியை இனங்காண்பது எப்படி என்று ஒரு மணி நேரம்வரை சொல்லிக் கொடுத்தார்கள். மொத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதை வாசித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது, பாடசாலை மண்டபத்தில் நான் வருடக்கணக்காகச் செய்துவந்ததும் அதே ஒரு மணி நேரப் பேச்சுத்தான்.

ஆகவே சிறிதாக ஒன்று தொடங்கியிருக்கிறோம். இரண்டு ஊர் மிட்வைஃப்கள், ஒரு பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), மூன்று ஆசிரியர்கள், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் சில பிள்ளைகள். மாதம் ஒருமுறை கூடுகிறோம். கேட்ட கதையைக் கேட்ட வார்த்தையிலேயே ஒரு கொப்பியில் எழுதுகிறோம்: எந்தத் திகதி, வொய்ஸா காணொளியா, யார் மேல் பழி, கேட்டவர் அதற்குப் பிறகு என்ன செய்தார். கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். கதையை நம்பியும் ஊசி போட்டவர்கள் இருக்கிறார்கள், நம்பாமலே மாமிக்குப் பயந்து போடாதவர்களும் இருக்கிறார்கள். இதை வெளியிலிருந்து வரும் கேள்விக்கொத்து பிடிக்காது, வீட்டுக்குள் போய்வரும் மிட்வைஃபுக்குத்தான் தெரியும். அவரைத் தகவல் சேகரிப்பவராக மட்டும் நடத்தாமல், ஆய்வாளராகவே மேசையில் உட்கார வைக்க வேண்டும். கட்டுரை வெளிவந்தால் அதில் அவர் பெயரும் இருக்க வேண்டும்.

ஒரு விடயத்தில் நாங்கள் கண்டிப்பு. பெயர் இல்லை, தொலைபேசி இலக்கம் இல்லை, குறூப்பின் பெயரும் இல்லை. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு, இணையத்தில் பொய்யான கூற்றைப் பரப்பினால் தண்டனை கிடைக்கலாம். ஒரு தாய் பயந்துபோய்க் கேட்ட கேள்வி எந்த அலுவலகத்துக் கோப்புக்கும் போகக் கூடாது. எங்களைக் காட்டிக்கொடுப்பவர்களாக ஊர் ஒரு தடவை நினைத்துவிட்டால், அப்புறம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

கொப்பியில் இரண்டு ஊர்க் கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய அன்று, இரண்டு மிட்வைஃப்களும் மாறி மாறி வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். மூன்றாவது நிரல் இன்னும் வெறுமையாக இருக்கிறது. அம்பாறை நகரத்தில், சிங்களத்தில், இதே ஊசியைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அங்குள்ள ஒரு மிட்வைஃபை அடுத்த கூட்டத்துக்கு அழைத்திருக்கிறோம். மொழிபெயர்க்க ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை வருகிறார்.