இணையம்: வேரும் விரிவும்

‘இன்டர்நெட்’ என்றால் உலகைச் சுற்றிப் போட்ட ஒரே பெரிய வலை என்றுதான் பலரும் நினைக்கிறோம். சொல் சொல்வது வேறு. ‘இன்டர்’ என்பது லத்தீன். ‘இடையே’ என்று பொருள். ‘நெட்’ என்பது இங்கே நெட்வொர்க், அதாவது வலையமைப்பு. வலையமைப்புகளுக்கு இடையே நடக்கும் தொடர்பைக் குறித்த ‘இன்டர்நெட்வொர்க்’ என்ற நீண்ட சொல்லைச் சுருக்கி, 1974 டிசம்பரில் வின்ட் செர்ஃப், யோகன் தலால், கார்ல் சன்ஷைன் என்ற கணினி அறிஞர்கள் மூவரும் எழுதிய தொழில்நுட்ப ஆவணத்தில் ‘இன்டர்நெட்’ என்று எழுதினார்கள். எனவே சொல்லின் உயிர் வலையில் இல்லை, ‘இடையே’ என்பதில் இருக்கிறது.

அன்றைய சிக்கலும் அதுதான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வுக்கான கம்பிவழி வலையமைப்பான ஆர்பாநெட் ஒன்று, வானொலி அலைவழி வலையமைப்பு ஒன்று, செயற்கைக்கோள்வழி ஒன்று. மூன்றுக்கும் வேகம் வேறு, தரவைத் துண்டு போடும் அளவு வேறு, பிழை நேர்ந்தால் சமாளிக்கும் விதம் வேறு. எல்லோரும் ஒரே முறைக்கு மாறுங்கள் என்று உத்தரவு போட்டிருக்கலாம். செர்ஃபுடன் சேர்ந்து அடிப்படையை வகுத்த ராபர்ட் கான் அதற்கு நேர்மாறான விதியை வைத்தார்: இணைவதற்காக எந்த வலையமைப்பும் தன் உள்ளமைப்பை மாற்ற வேண்டியதில்லை. நடுவில் ஒரு வாயில் நிற்கும். இருபுறமும் ஒப்புக்கொண்ட நெறிமுறைப்படி பொதிகளை, அதாவது தரவுத் துண்டுகளை, கைமாற்றிவிடும். அவ்வளவே.

1977 நவம்பர் 22 அன்று அது சோதித்துப் பார்க்கப்பட்டது. கலிபோர்னியாவில் சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேனிலிருந்து புறப்பட்ட பொதிகள் வானொலி அலையில் ஏறி, ஆர்பாநெட்டுக்கு மாறி, செயற்கைக்கோள் வழியே ஐரோப்பா சென்று, மறுபடி கலிபோர்னியாவின் தென்பகுதிக்கே வந்து சேர்ந்தன. பக்கத்து ஊருக்குப் போக உலகைச் சுற்றிய கதைதான். ஆனால் மூன்று வலையமைப்புகளில் எதுவும் தன் இயல்பை விடவில்லை.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘இணையம்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவராகச் சிங்கப்பூர் எழுத்தாளரும் கணினித் தமிழ் முன்னோடியுமான நா. கோவிந்தசாமி அறியப்படுகிறார். இணை + அம். நடுவில் யகர உடம்படுமெய். எளிய புணர்ச்சி, ஆனால் வேர் ஆழமானது. இணைதல் என்றால் சேர்தல். பெயர்ச்சொல்லாக ‘இணை’ என்றால் ஜோடி, நிகர், ஒப்பு. இணையற்றவர் என்றால் நிகரற்றவர். யாப்பில் ஓர் அடியின் முதலிரு சீர்களும் மோனையால் ஒத்து வந்தால் இணைமோனை. சீர்கள் இரண்டாகவே நிற்கும், ஓசைதான் கைகோக்கும். கணக்கில் வரும் இணைகோடுகளோ ஒருபோதும் தொடுவதே இல்லை, ஆனாலும் இணைதான். கலத்தல் வேறு, ஒன்றுதல் வேறு, இணைதல் வேறு. கலந்தால் ஒன்று மற்றதில் கரையும். இணைந்தால் இரண்டும் நிற்கும், சரிநிகராக நிற்கும். மூலச்சொல்லின் ‘இடையே’யில் இந்தச் சமத்துவப் பொருள் கிடையாது. அந்த வகையில் நம் சொல்லே ஒரு படி மேல் என்பேன்.

இணையம் மக்களைச் சேர்க்கிறதா பிரிக்கிறதா என்ற பேச்சுக்கும் இந்த வேறுபாடு தேவைப்படுகிறது. இணையம் வந்தால் மனிதகுலம் ஒன்றாகிவிடும் என்று தொடக்கக் காலத்தில் நிறையப் பேர் எழுதினார்கள். ஒன்றாகவில்லை. மியான்மரில் ரோஹிங்கியா மக்களுக்கு எதிரான வெறுப்பு பரவியதில் சமூக ஊடகத்துக்குப் பங்குண்டு என்று ஐ.நா.வின் உண்மை அறியும் குழு 2018-இல் சொன்னது. கம்பியும் அலையும் செய்தியைக் கொண்டுபோகுமே தவிர, அது அன்பா பகையா என்று பார்ப்பதில்லை.

ஆனால் ஒரு பொது ஒப்பந்தம் என்ன செய்யும் என்பதைத் தமிழே கண்டது. தொண்ணூறுகளில் ஒருவர் அனுப்பிய தமிழ் மின்னஞ்சல் இன்னொருவர் திரையில் புள்ளியும் கோடும் வெளிநாட்டு எழுத்துகளுமாகக் கலைந்து கிடக்கும். எழுதியவர் பயன்படுத்திய அதே எழுத்துரு இவரிடமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் தமிழர் எழுதியது தமிழருக்கே புரியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் குறியாக்கங்கள் டிஸ்கி, டாம், டாப் என்று பல, ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர் கூட்டம் வேறு. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு குறியாக்கம் பரவலான பிறகுதான் அந்தத் தொல்லை ஓய்ந்தது. யாரும் தன் நடையையோ வட்டார வழக்கையோ இழக்கவில்லை. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் மட்டும் உடன்பட்டோம்.

பெரிய அளவிலும் அப்படித்தான். புதிய கொரோனா வைரஸின் மரபணுத் தொடரைச் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2020 ஜனவரியில் அது எவரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பதாயிரம் எழுத்துகள். வைரஸின் மாதிரி கைக்கு வருமுன்பே பிற நாட்டு ஆய்வகங்கள் தடுப்பூசி வேலையைத் தொடங்கிவிட்டன. நாடுகளின் பகை அப்படியே இருந்தது. நெறிமுறை வேலை செய்தது.

‘இணை’ சொல்லும் சமத்துவம்தான் இன்னும் பாக்கி. தந்திச் செய்தி நாட்டு எல்லையில் நின்று கைமாற வேண்டிய நிலையை மாற்ற 1865-இல் பாரிசில் 20 நாடுகள் கூடி அமைத்த ஒன்றியத்தின் இன்றைய வடிவம் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அது 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஏறத்தாழ 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். உலகில் மூன்றில் ஒருவர்.

புழங்கும்போது கவனிக்க வேண்டியவை: கனெக்டிவிட்டிக்கு ‘இணைப்பு’ போதும், ‘இணைப்புத்தன்மை’ என்று நீட்டத் தேவையில்லை. வெப் என்பது ‘வலை’. அது 1989-இல் டிம் பெர்னர்ஸ் லீ முன்மொழிந்த, இணையத்தின் மேல் ஓடும் ஒரு சேவை. இணையமும் வலையும் ஒன்றல்ல. ஆன்லைனுக்கு ‘இணையவழி’ நிலைத்துவிட்டது. வெப்சைட்டை ‘வலைத்தளம்’ என்பது துல்லியம். ‘இணைய’ என்றே தொடங்க விரும்பினால் ‘இணையத்தளம்’ என்று ஒற்று மிகுத்து எழுதுங்கள், மகர ஈறு கெட்டு வல்லினம் மிகும் இடம் அது.