வெள்ளியின் மேகத்தில் பலூன் எந்த உயரத்தில் நிற்கும்?

தாப்பாவின் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி பஸ் கேமரன் மலைப் பாதையில் ஏறும்போது, கையிலுள்ள முறுக்குப் பாக்கெட் மெல்ல உப்பும். மலைமேலுள்ள தானா ராத்தாவின் உயரம் ஏறத்தாழ 1,440 மீட்டர். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. பாக்கெட்டுக்குள் அடைபட்டிருப்பதோ கீழ்நிலக் காற்று.

உயரத்துக்கு உயரம் அழுத்தம் எப்படி மாறுகிறது என்பதைத்தான் ஒரு கோளின் வளிமண்டலத்தைக் கணிக்கும் கணினி மாதிரியும் முதலில் கணக்கிடுகிறது. கோளின் வளிமண்டலத்தை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வோர் அடுக்கும் தனக்கு மேலுள்ள காற்றின் எடையைச் சுமக்கிறது. அதிலிருந்து அழுத்தம் தெரியும். அதனுடன் வெப்பநிலையும் வாயுவின் மூலக்கூற்று எடையும் சேர்ந்தால் அடர்த்தி கிடைத்துவிடும். பலூனின் தலையெழுத்து அந்த அடர்த்தியில்தான் இருக்கிறது.

1985 ஜூனில் சோவியத் ஒன்றியத்தின் வேகா 1, வேகா 2 விண்கலங்கள் வெள்ளிக் கோளில் தலா ஒரு ஹீலியம் பலூனை இறக்கின. தரையில் 460 பாகை செல்சியஸைத் தாண்டும் வெப்பம். 54 கிலோமீட்டர் உயரத்திலோ நம் ஊர்ப் பகல் போன்ற சூடு, பூமித் தரையில் உள்ளதில் பாதியளவு அழுத்தம். அங்கே ஒரு கனமீட்டர் கரியமில வாயு ஏறத்தாழ 0.9 கிலோ எடை கொண்டது. மூன்றரை மீட்டர் விட்டமுள்ள பலூன் 20 கனமீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தை அடைக்கும். இரண்டையும் பெருக்கினால், பலூன் விலக்கும் வாயுவின் எடை ஏறக்குறைய 20 கிலோ. பலூன், ஹீலியம், கருவிகள் எல்லாம் சேர்ந்த எடையும் அதை ஒட்டியதுதான்; அதனால்தான் பலூன் அங்கே மிதந்தது. இத்தனை எளிய கணக்கு வேற்றுக் கோளில் பலித்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. இதே ஹீலியம் பலூன் வியாழனில் மூழ்கிவிடும். அங்குள்ள காற்று பெரும்பாலும் ஹீலியத்தைவிட இலேசான ஹைட்ரஜன்.

உறை விறைப்பாக இருந்ததால் பலூனின் கனஅளவு மாறவில்லை. கீழே தள்ளப்பட்டால் அடர்ந்த காற்று அதை மேலே தூக்கும். மேலே போனால் மெலிந்த காற்று தாங்காமல் இறங்கிவிடும்.

காற்றோட்டத்தைக் கணிப்பது இன்னும் கடினம். கோளைக் கட்டங்களாகப் பிரித்து, இயக்கம், நிறை, வெப்பம் ஆகியவற்றின் சமன்பாடுகளைச் சில நிமிட இடைவெளிகளில் திரும்பத் திரும்பத் தீர்க்க வேண்டும். ஒரு கட்டம் நூறு கிலோமீட்டர் அகலம் என்றால், அதைவிடச் சிறிய மலை அதில் காணாமல் போய்விடும். பூமியில் கணிப்பைத் திருத்த பினாங்கு, செப்பாங் போன்ற இடங்களிலிருந்து வானிலை பலூன்கள் நாள்தோறும் பறக்கின்றன. வெள்ளியில் பறந்தவை அந்த இரண்டு மட்டுமே.

அவை ஏறத்தாழ 46 மணி நேரத்தில் 11,000 கிலோமீட்டருக்கு மேல் மிதந்து சென்றன. எதிர்பார்த்ததைவிட வலுவான மேல்கீழ்க் காற்றையும் சந்தித்தன. அஃப்ரோடைட் மலைநாட்டின் மேலே வேகா 2 பலூன் வேகமாகக் கீழே இழுக்கப்பட்டது. 2015 டிசம்பரில் ஜப்பானின் அகாட்சுகி விண்கலம், அதே மலைநாட்டுக்கு மேலே ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் நீளமுள்ள வில் வடிவ அலை அசையாமல் நிற்பதைப் படம்பிடித்தது. மலைகள் எழுப்பும் இத்தகைய அலைகளையும் இன்றைய வெள்ளி மாதிரிகள் கணக்கில் சேர்க்கின்றன.