‘இரட்டைச் செயல்’ அல்ல: ஏற்றுவிசை, விடுவிசை

கைத்துப்பாக்கிப் பயிற்சிக் காணொளி ஒன்றின் தமிழ் வசன வரியில் நேற்று மறுபடியும் அது கண்ணில் பட்டது: “இரட்டை நடவடிக்கைத் தூண்டுதல்”. போன மாதம் வேறொன்றில் “இரட்டைச் செயல் விசை” என்று இருந்தது. டபுள் ஆக்‌ஷன், சிங்கிள் ஆக்‌ஷன் என்ற இரண்டு சொற்கள் நம்மிடம் இந்தப் பாடு படுகின்றன. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பொருள். தோட்டா வெடிக்க வேண்டுமானால் துப்பாக்கியின் பின்னால் இருக்கும் குதிரை, அதாவது ஹேமர், பின்னுக்குச் சாய்ந்து நின்று, விடுபட்டு, முன்னால் பாய்ந்து அடிக்க வேண்டும். (ஹேமர் என்பதைச் சுத்தியல் என்று எழுதுகிறார்கள். துப்பாக்கிக் குதிரை என்ற பழைய வழக்கு நம்மிடம் இருக்கிறது. சிலர் விரலால் இழுக்கும் விசையையும், அதாவது ட்ரிகரையும், குதிரை என்பதுண்டு, நான் ஹேமருக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஆங்கிலேயர் கண்ணுக்கு அதே உறுப்பு சேவலாகத் தெரிந்ததால்தான் அவர்கள் ‘காக்’ என்றார்கள்.) குதிரையைச் சாய்த்து நிறுத்துவது ஒரு வேலை, விடுவிப்பது இன்னொரு வேலை. விசை விடுவிக்க மட்டும் செய்தால் சிங்கிள் ஆக்‌ஷன். 1873இன் கோல்ட் ரிவால்வர் அப்படித்தான், ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் குதிரையைச் சாய்க்க வேண்டும். ஒரே இழுப்பில் விசையே சாய்த்து, விசையே விடுவித்தால் டபுள் ஆக்‌ஷன். 1851இல் ராபர்ட் ஆடம்ஸ் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ரிவால்வர் இந்த வகை.

சொற்பிறப்பு சுருக்கமாக: ஆக்‌ஷன் லத்தீனிலிருந்து வந்தது, ‘செய்’ என்ற பொருள் கொண்ட வினை அதன் வேர். ட்ரிகர் டச்சு மொழியின் ‘ட்ரெக்கர்’, அதாவது இழுப்பது. அதைப் போய் ‘தூண்டுதல்’ என்று எழுதுபவர் கையில் இருப்பது அகராதி மட்டும்தான், துப்பாக்கியை ஒரு படத்தில்கூட உற்றுப் பார்த்திருக்க மாட்டார்.

சரி, ‘இரட்டைச் செயல்’ என்றால் என்ன கெட்டுவிடும்? நிறையவே கெடும். தமிழில் இரட்டை என்றால் ஒரே மாதிரி இரண்டு: இரட்டைக் குழந்தை, இரட்டைக் கிளவி, இரட்டை மாட்டு வண்டி. துப்பாக்கி என்று வந்தாலோ இரட்டைக்குழல் துப்பாக்கிதான் உடனே நினைவுக்கு வரும். அதனால் ‘இரட்டைச் செயல் துப்பாக்கி’ என்று படிப்பவர் ஒரு இழுப்புக்கு இரண்டு குண்டு என்றோ, விசையை இரண்டு முறை அழுத்த வேண்டும் என்றோதான் எடுத்துக்கொள்வார். இங்கே நடப்பது ஒன்றுக்கொன்று வேறான இரண்டு வேலைகள், அதுவும் ஒரே இழுப்புக்குள். ‘நடவடிக்கை’ இன்னும் மோசம். நடவடிக்கை காவல்துறை எடுப்பது, இரும்புத் துண்டு எடுப்பதல்ல.

தூய தமிழ் ஆர்வலர் சிலர் ‘இருவினை விசை’ என்கிறார்கள். ‘இரு’ சரி, ஆனால் இருவினை என்றதும் “இருள்சேர் இருவினையும் சேரா” என்ற குறள்தானே நம் காதில் விழுகிறது? நல்வினை தீவினைக்கு என்றே ஊறிப்போன சொல்லைத் துப்பாக்கிக்கு எடுத்தால் இரண்டு பக்கமும் குழப்பம். ‘இருவேலை, ஒருவேலை’ என்று வைக்கலாமா என்று நானும் யோசித்தேன். ‘ஒருவேளை’யோடு இடிக்கும், விட்டுவிட்டேன்.

எண்ணை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தால் சொல் தானாக வருகிறது. வில்லில் நாணை ஏற்றுகிறோம், அம்பை விடுகிறோம். அதே போலக் குதிரையை ஏற்றி, விடும் விசை ஏற்றுவிசை. விடுவது மட்டுமே வேலை என்றால் விடுவிசை. ஏற்றிய குதிரையைச் சுடாமலே பழைய நிலைக்குக் கொண்டுவரும் டீகாக் என்பதற்கு இறக்குதல், அதற்கான நெம்புகோல் இறக்குகோல். ஏற்று, விடு, இறக்கு மூன்றும் குழந்தைக்கும் தெரிந்த சொற்கள். எனக்குத் தூய்மையைவிட இந்தத் தெளிவுதான் பெரிது, இங்கே இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன.

இந்தத் தெளிவு எங்கே உதவும் என்றால், 1929இல் வந்த வால்டர் பிபி, பின்னால் வந்த பெரட்டா 92 போன்ற, இரண்டு விதமாகவும் சுடும் கலப்பு வகைக் கைத்துப்பாக்கிகளில். முதல் தோட்டா ஏற்றுவிசையில் போகும்: நீண்ட இழுப்பு, 5 கிலோ அளவுக்கு விரல் பலம் கேட்கும், குதிரை மெல்லப் பின்னால் சாய்வது கண்ணுக்கே தெரியும். சுட்டதும் ஸ்லைடு, அதாவது துப்பாக்கியின் நகரும் மேல்பகுதி, பின்னால் வந்து குதிரையை ஏற்றிவிடும், அடுத்த இழுப்பு விடுவிசை: குறுகியது, ஏறக்குறைய பாதி பலம் போதும். பழகாத கை முதல் தோட்டாவைக் குறிக்குக் கீழே அடித்துவிடும், அடுத்ததை நினைத்ததற்கு முன்பே விட்டுவிடும். அதனால்தான் பயிற்சியில் ஒரு தோட்டா சுட்டு, குதிரையை இறக்கி, மறுபடி ஏற்றுவிசையில் ஒன்று என்று திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். அப்புறம் ஏற்றுவிசையில் ஒன்று, விடுவிசையில் ஒன்று என்று அடுத்தடுத்து. நீண்ட இழுப்புக்கு விரலைக் கொஞ்சம் உள்ளே, முதல் மூட்டு மடிப்பு வரை வைப்பவர்களும் உண்டு.

இதை “முதலில் இரட்டைச் செயல், பின்பு ஒற்றைச் செயல்” என்று படிப்பவருக்கு எந்த இழுப்பு கனம், எது லேசு என்று எப்படித் தெரியும்? நேற்றைய வசன வரியில் “இரட்டை நடவடிக்கைக்குப் பின் ஒற்றை நடவடிக்கைக்கு மாறவும்” என்று இருந்தது. அங்கே வர வேண்டியது: “முதல் தோட்டா ஏற்றுவிசையில், அடுத்தது விடுவிசையில். முடிந்ததும் குதிரையை இறக்குங்கள்.”